படி தாண்டும் சிறுமிகள்: மீனா முதல் அயலி வரை

சிறுமி ஒருத்தி வீட்டு வாசற்படியைத் தாண்டி வெளியே போவதில் தொடங்கும் கதைகள் தொலைக்காட்சித் தொடர்களில் ஏராளம். குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடரிலும் அவள் வருகிறாள். பெரியவர்களுக்கான இணையத் தொடரிலும் வருகிறாள். அவள் எங்கே போகிறாள் என்பதைவிட, எதைக் காட்டி அனுமதி பெறுகிறாள் என்பதே அந்தத் தொடர் பெண் குழந்தையைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைச் சொல்லிவிடும். தமிழ் வீடுகளில் பார்க்கப்படும் சில அசைவூட்டத் தொடர்களையும் நடிகர்கள் நடித்த சில தமிழ் இணையத் தொடர்களையும் இந்த ஒரு கேள்வியோடு அணுகுகிறது இக்கட்டுரை.

எடுத்துக்கொள்ளப்படும் தொடர்கள் வெவ்வேறு நாடுகளிலும் காலங்களிலும் உருவானவை. யுனிசெப் அமைப்பு தெற்காசியக் குழந்தைகளுக்காக உருவாக்கிய 'மீனா', அமெரிக்காவில் உருவாகிச் சுட்டி டிவி வழியாகத் தமிழ் பேசிய 'டோரா', 'ஜாக்கி சான்' கார்ட்டூன் தொடர், ஐதராபாத்தில் உருவான 'சோட்டா பீம்', தமிழ் இணையத் தொடர்களான 'சுழல்', 'வதந்தி', 'அயலி' ஆகியவை அவை. இவற்றைத் தரவரிசைப்படுத்துவது நோக்கமன்று.

மீனா: கோழிகளை எண்ணியவள்

மீனா 1990களின் தொடக்கத்தில் உருவானவள். இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியான ராம் மோகன் இத்தொடரின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். ஒரு தெற்காசியக் கிராமம், அப்பா, அம்மா, பாட்டி, தம்பி ராஜு, மிட்டு என்ற பேசும் கிளி. இன்ன நாடு என்று சொல்ல முடியாதபடி உடையும் வீடும் அமைக்கப்பட்டிருப்பதால், வங்கதேசத்துக் குழந்தையும் இந்தியக் குழந்தையும் அவளைத் தன் ஊர்க்காரி என்றே நினைக்க முடியும்.

தொடரின் முதற்கதையில் மீனா பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாள். வீட்டார் ராஜுவை மட்டும் அனுப்புகிறார்கள். 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்று நம் ஊரில் சொன்ன அதே நியாயம்தான் அங்கும். மீனா மிட்டுவைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். கிளி வகுப்பில் கேட்ட வாய்பாட்டைத் திரும்ப வந்து அவளுக்குச் சொல்கிறது. அதை வைத்து வீட்டுக் கோழிகளை எண்ணிப் பார்க்கிறாள், ஒன்று குறைகிறது, திருட்டு வெளிப்படுகிறது. பெண் படித்தால் வீட்டுக்கு நன்மை என்று பெற்றோர் உணர்ந்து, அவளைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்கிறார்கள்.

கதை சிறியது, தெளிவானது, பத்து நிமிடத்தில் மனத்தில் பதிவது. எழுத்தறியாத பெற்றோரிடம் வாதம் செய்யாமல் அவர்கள் கண்முன் ஒரு பயனைக் காட்டுகிறது. அக்காலத்தில் அது தேவையான உத்தி. மாம்பழத்தைப் பங்கிடும் மற்றொரு கதையிலும் இதே நுட்பம் உண்டு. மீனாவும் ராஜுவும் ஒருநாள் வேலைகளை மாற்றிக்கொள்ள, ராஜு களைத்துப்போகிறான். பெண்ணின் உழைப்பு எவ்வளவு என்று பையனுக்கு உடம்பால் புரிகிறது.

ஆனால் முதற்கதையில் ஒரு விலை இருக்கிறது. ராஜு பள்ளிக்குப் போக எந்தக் கோழியையும் எண்ணவில்லை. அவன் பையன் என்பதே அவனுக்குத் தகுதிச் சீட்டு. மீனா மட்டும் தேர்வெழுதாமலே தேர்ச்சி காட்ட வேண்டியிருக்கிறது. கோழி எதுவும் திருடு போகாதிருந்தால், அல்லது வாய்பாடு அவள் தலையில் ஏறாதிருந்தால், அவள் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டியதுதானா? தொடர் இதைக் கேட்கவில்லை. பின்னால் வரும் பல தொடர்களிலும் இந்தக் கேள்வி எழாமலே போகிறது.

டோரா: யாரும் தடுக்காத பயணம்

'டோரா' 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் நிக்கலோடியன் அலைவரிசையில் தொடங்கியது. சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007 ஏப்ரலில் வந்தபின், 'டோராவின் பயணங்கள்' என்ற பெயரில் தமிழ்க் குழந்தைகளுக்குப் பழக்கமானாள். பூட்ஸ் என்ற குரங்கு தமிழில் புஜ்ஜி ஆனது. திருட வரும் நரி குள்ளநரி ஆனது. 'டோரா புஜ்ஜி' என்பது ஒரே சொல்லாகிப் புத்தகப் பைகளிலும் தண்ணீர்ப் போத்தல்களிலும் ஒட்டிக்கொண்டது.

ஏழு வயதுச் சிறுமி, முதுகில் பை, பையில் வரைபடம். ஒவ்வொரு கதையிலும் எங்கோ ஓரிடத்துக்குப் போக வேண்டும்; வழியில் இரண்டு மூன்று அடையாளங்களைக் கடக்க வேண்டும். டோரா திரையிலிருந்து கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை பதில் சொல்லும்வரை காத்திருப்பாள். ஆசிரியப் பயிற்சியில் வினாவுக்குப்பின் காத்திருக்கும் நேரம் என்று சொல்லப்படுவதை இத்தொடர் முறையாகக் கையாள்கிறது. பதில் தெரியாத குழந்தையை அது திட்டுவதில்லை. அடுத்த படிக்கு நகர்கிறது.

டோராவின் மிகப் பெரிய குறையும் மிகப் பெரிய நன்மையும் ஒன்றே: அவளை யாரும் தடுப்பதில்லை. ஆற்றைக் கடக்கவும் காட்டுக்குள் போகவும் அவள் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. 'பொட்டப்புள்ள தனியா எங்க போற' என்று கேட்க வழியில் ஒரு திண்ணை இல்லை. நடப்பு உலகோடு ஒட்டாதது என்று இதைக் குறை சொல்லலாம். ஆனால் இங்கு பேசப்படும் தொடர்களில், வெளியே போவதற்குத் தன் தகுதியை நிரூபிக்க வேண்டாத சிறுமி அவள் ஒருத்திதான். அவள் பெரிய புத்திசாலியாகக் காட்டப்படுவதில்லை. அடிக்கடி வழி தெரியாமல் நிற்கிறாள், உதவி கேட்கிறாள். அது போதும் என்கிறது தொடர். நான்கைந்து வயதில் இதைப் பார்க்கும் ஒரு பெண் குழந்தைக்குப் போவது இயல்பு, கேட்பது இயல்பு என்ற எண்ணம் எங்கோ தங்கும்.

ஜேடும் சுட்கியும்

சுட்டி டிவியில் தமிழ் பேசிய மற்றொரு சிறுமி, 'ஜாக்கி சான்' தொடரின் ஜேடு. 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான இத்தொடரில் அவள் ஹாங்காங்கிலிருந்து வந்து, சான் பிரான்சிஸ்கோவில் ஜாக்கியோடும் மாமாவோடும் தங்கியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் 'நீ இங்கேயே இரு' என்று சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அவள் நழுவிப் பின்னால் போகிறாள். நகைச்சுவைக்காக அமைந்த இந்த வாய்பாட்டில் ஒரு மனித உண்மை உண்டு. பெரியவர்களின் தடை பாசத்திலிருந்து வருகிறது, சிறுமியின் மீறலும் பாசத்திலிருந்தே வருகிறது. என்றாலும் அவளுடைய மீறல் மன்னிக்கப்படுவது, பெரும்பாலும் கடைசியில் அவள் யாரையாவது காப்பாற்றிவிடுவதால்தான். மீனாவின் கோழிக்கணக்கு இங்கே சண்டைக்காட்சியாக மாறியிருக்கிறது.

'சோட்டா பீம்' ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனம் உருவாக்கியது. 2008 ஏப்ரலில் போகோ அலைவரிசையில் தொடங்கியது. அயல்நாட்டுக் கார்ட்டூன்களே ஆட்சி செய்த காலத்தில், வேட்டி கட்டிய இந்தியச் சிறுவனை நாயகனாக்கி வெற்றி பெற்றது இதன் சாதனை. டோலக்பூரின் சந்தை, அரண்மனை, காடு எல்லாம் நம் நாட்டுக் கதை மரபிலிருந்து வந்தவை. தமிழ் ஒலியிலும் குழந்தைகள் இதை விரும்பிப் பார்க்கிறார்கள்.

இதில் வரும் சுட்கி, பீமின் தோழி. அவளும் வெளியே போகிறாள், சாகசங்களில் உடனிருக்கிறாள், துணிச்சலும் உண்டு. ஆனால் பார்ப்பவர் நினைவில் அவள் தங்குவது லட்டோடுதான். அவள் தாய் துன்துன் லட்டு விற்பவர். சுட்கி வீட்டு வேலையில் உதவுபவள். பீமுக்கு வலிமை தேவைப்படும்போது லட்டு எடுத்துத் தருபவள். படி தாண்டினாலும் அடுப்படி அவள் கூடவே வருகிறது. மீனாவைத் தடுத்தவர்கள் வெளிப்படையாகத் தடுத்தார்கள். அதனால் அவர்களோடு வாதாட முடிந்தது. சுட்கியை யாரும் தடுக்கவில்லை. பின்வரிசையில் அன்போடு நிறுத்தியிருக்கிறார்கள். அதனாலேயே இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

2020ஆம் ஆண்டின் நடுவில் சமூக ஊடகங்களில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூரலாம். பீம் இளவரசி இந்துமதியை மணந்துகொண்டான் என்ற பேச்சு பரவ, 'சுட்கிக்கு நீதி வேண்டும்' என்று ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். இந்தப் பாத்திரங்கள் இன்னும் குழந்தைகள்தாம், யாருக்கும் திருமணமாகவில்லை என்று தயாரிப்பு நிறுவனமே விளக்கம் தர வேண்டியிருந்தது. விளையாட்டாக எழுதியவர்களே மிகுதி. ஆனாலும் ஏழு வயதுச் சிறுமிக்குக் கிடைக்க வேண்டிய நீதி எது என்ற கேள்விக்குப் பார்வையாளர்களுக்குச் சட்டெனத் தோன்றிய விடை கல்யாணம். அவள் பெயரில் ஒரு சாகசம் வேண்டும் என்பது அன்று கோரிக்கையாக எழவில்லை.

குற்றத் தொடர்களில் காணாமற்போகும் பெண்

அண்மைக்காலத் தமிழ் இணையத் தொடர்களில் இளம்பெண் வேறொரு விதமாக வருகிறாள். கதை தொடங்கும்போதே அவள் காணாமற்போயிருக்கிறாள், அல்லது இறந்துகிடக்கிறாள்.

2022 ஜூனில் அமேசான் பிரைமில் வெளியான 'சுழல்' தொடரைப் புஷ்கர்–காயத்ரி இணை எழுதி உருவாக்கியது. பிரம்மா, அனுசரண் ஆகியோர் இயக்கினர். சாம்பலூர் என்ற கற்பனை ஊர். ஆலையில் தீ, அதே வேளையில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். அங்காளம்மனின் மயானக் கொள்ளைத் திருவிழா பின்னணியில் நடக்க, தேடல் தொடர்கிறது. பார்த்திபன், ஐஸ்வர்யா ராஜேஷ், கதிர், ஸ்ரேயா ரெட்டி ஆகியோரின் நடிப்பும் திருவிழாக் காட்சிகளும் இத்தொடரின் பலம். அதே ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கத்தில் வந்த 'வதந்தி'யில் வெலோனி என்ற இளம்பெண்ணின் மரணத்தைக் கன்னியாகுமரிப் பகுதியின் காவல் அதிகாரி விவேக் துப்பறிகிறார். எஸ்.ஜே. சூர்யா அந்த வேடத்தில் நடித்திருக்கிறார்.

இரண்டும் எட்டுப் பகுதிகள் கொண்டவை; இரண்டும் பார்ப்பவரைக் கட்டிப்போடுபவை. இரண்டிலும் ஒரு நல்ல நோக்கம் உண்டு. வெளியே போன பெண்ணைப் பற்றி ஊர் கட்டும் கதைகள் எவ்வளவு எளிதாக உண்மையாகிவிடுகின்றன என்பதை 'வதந்தி' தலைப்பிலேயே வைத்திருக்கிறது. 'சுழல்' வெளியே வெளியே என்று தேடவைத்து, கடைசியில் பார்வையை வீட்டுப் பக்கமே திருப்புகிறது. வெளியே போவதுதான் ஆபத்து என்று நம்பும் பெற்றோருக்கு அது கசப்பான, தேவையான பாடம்.

ஆனால் கதையமைப்பு இந்த நோக்கத்துக்குக் குறுக்கே நிற்கிறது. அந்தப் பெண்களைப் பற்றி அம்மா சொல்கிறார், தோழி சொல்கிறாள், காவலர் சொல்கிறார். அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்ல இடம் மிகக் குறைவு. புதிரின் மையமாக இருப்பது வேறு, கதையின் மையமாக இருப்பது வேறு. எட்டுப் பகுதிகளைப் பார்த்து முடித்தபின் துப்பறிந்தவரின் குணம் துல்லியமாக நினைவிருக்கிறது. தேடப்பட்டவளுக்கு என்ன பாடம் பிடிக்கும், என்ன ஆவதாக இருந்தாள் என்று கேட்டால் விடை சொல்லத் தடுமாற வேண்டியிருக்கிறது. இத்தகைய தொடர்களை அடுத்தடுத்துப் பார்க்கும் ஒரு தாய், மகளை மாலை வகுப்புக்கு அனுப்பும்முன் ஒருமுறை கூடுதலாகத் தயங்கினால், அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

அயலி: மறைத்துப் படித்தவள்

2023 ஜனவரி 26 அன்று ஜீ5 தளத்தில் வெளியான 'அயலி', இந்த வரிசையில் தனித்து நிற்பது. முத்துக்குமார் இயக்கிய இத்தொடரும் எட்டுப் பகுதிகள் கொண்டது. புதுக்கோட்டைப் பகுதியில் வீரப்பண்ணை என்ற கிராமம். கதை நடப்பது 1990ஐ ஒட்டிய காலம். முன்னொரு காலத்தில் ஊர்ப்பெண் ஒருத்தி காதலித்தவனோடு போனதால் அயலி அம்மன் சினந்தாள், ஊரே இடம்பெயர நேர்ந்தது என்பது ஊரார் நம்பும் கதை. அதன் பெயரால் பெண்களுக்குக் கட்டுப்பாடுகள். பருவமடையாத சிறுமிகளே அம்மன் கோயிலுக்குள் போகலாம். பருவமடைந்தவுடன் பள்ளி நிற்கும், கல்யாணம் நடக்கும்.

மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி (அபி நட்சத்திரா) வயதுக்கு வருகிறாள், அதை மறைக்கிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு பொய்யிலிருந்து எட்டுப் பகுதிகளையும் இயல்பாக வளர்த்தெடுக்கிறார்கள். பருவமடைந்ததை ஒருநாள் மறைத்தால் போதாது, மாதந்தோறும் மறைக்க வேண்டும். துணியை, வலியை, முகத்தை மறைக்க வேண்டும். கோயிலுக்குள் போகும்போது அம்மனிடமும் மறைக்க வேண்டும். ஒரு பதின்ம வயதுப் பெண் வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்குக் கொடுக்கும் விலையை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டுக் காட்டிய தமிழ்த் தொடர்கள் அரிது. விடாய் பற்றிக் கூச்சமும் இல்லாமல், அதிர்ச்சியூட்டும் ஆசையும் இல்லாமல், நகைச்சுவையோடு பேசியிருப்பது குடும்பமாக உட்கார்ந்து பார்க்க உதவுகிறது.

தாய் குருவம்மாளாக நடித்த அனுமோளின் பாத்திரம் தொடரின் உயிர். உண்மை அறிந்தபின் ஊருக்கும் மகளுக்கும் நடுவே அவர் படும் பாடு, வசனத்தில் அல்ல, அடுக்களையில் நடமாடும் விதத்திலேயே தெரிகிறது. தந்தை தவசியாக வரும் அருவி மதன், மகள்மீது பாசமும் ஊர்மீது பயமும் கொண்ட மனிதரைக் காட்டுகிறார். கெட்டவர் என்று ஒதுக்கிவிட முடியாத இத்தகைய தந்தையர்தாம் பெரும்பாலான வீடுகளில் இருப்பவர்கள். தொடரை இன்னும் பார்க்காதவர்களுக்காக முடிவு இங்கே சொல்லப்படவில்லை. பிற்பகுதியில் சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு மேடையேறி விடுகின்றன என்பது மட்டும் குறை. முன்பகுதியில் ஒரு கறைபட்ட துணி சொன்னதைப் பின்பகுதியில் நீண்ட வசனம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தமிழ்ச்செல்வி நன்றாகப் படிக்கிறவள். மருத்துவர் கனவு உள்ளவள். அதனால் பார்ப்பவர் மனம் உடனே அவள் பக்கம் சாய்கிறது: 'இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதா!' அதே வகுப்பில் கணக்கில் முப்பத்தைந்து வாங்கித் தேறும் பெண்ணாக இருந்தால்? ஆசை என்று பெரிதாக எதுவும் சொல்லத் தெரியாத பெண்ணாக இருந்தால்? அவளைக் கட்டிக் கொடுப்பது குறைந்த தவறாகிவிடுமா? தமிழ்ச்செல்வியின் தோழிகளின் வழியாகத் தொடர் இந்த வாசலை எட்டிப் பார்க்கிறது. ஆனால் உள்ளே போகவில்லை. மீனாவின் கோழிக்கணக்கு முப்பது ஆண்டு கழித்து மருத்துவக் கனவாக வளர்ந்திருக்கிறது. நிபந்தனை அப்படியே இருக்கிறது.

புதுக்கோட்டையின் இரு வரலாறுகள்

கதைக்களம் புதுக்கோட்டை என்பதால் அம்மண்ணின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன்படும்.

முதல் வரலாறு முத்துலட்சுமி ரெட்டியுடையது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், பருவமடைந்தபின் வீட்டிலிருந்தே பாடம் கற்க வேண்டியிருந்தது. பின்னர் ஆண்கள் மட்டும் படித்துவந்த மன்னர் கல்லூரியில், எதிர்ப்புகளுக்கு நடுவே மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று மருத்துவரானார். தமிழ்ச்செல்வியின் கனவு அந்த மண்ணில் ஏற்கெனவே நனவான ஒன்று. ஆனால் அது ஒருவரின் அசாதாரணத் திறமைக்காகத் திறந்த கதவு. அதே ஊரில் அதே வயதில் இருந்த மற்றப் பெண்களுக்கு அது திறக்கவில்லை.

இரண்டாவது வரலாறு, கதை நடக்கும் காலத்தை ஒட்டியே வருவது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்தார். கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளுமாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள்; ஒருத்தியாக ஓட்டியிருந்தால் அந்தக் கேலி அவளை வீட்டுக்குத் துரத்தியிருக்கும். ஊர் ஊராக ஓட்டியபோது கேலி பேசியவர் வாய் ஓய்ந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியான தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இவ்விரண்டில் 'அயலி' சார்ந்து நிற்பது பெரும்பாலும் முதல் வரலாற்றை. நாடகத்துக்கு அது எளிது. ஒரு முகம் போதும். ஆனால் புதுக்கோட்டையை மாற்றியது இரண்டாவது வரலாறும்தான். சைக்கிள் ஓட்ட முதல் மதிப்பெண் தேவையில்லை. விழுந்து எழத் தெரிந்தால் போதும்.

தீப்பெட்டி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், அவற்றுக்கு அருகே மதுரை–கொல்லம் சாலையில் இருக்கும் கிருஷ்ணன்கோவில் ஆகிய ஊர்களைக் கொண்ட விருதுநகர் மாவட்டத்திலிருந்து பார்க்கையில், இத்தொடர்களில் விடுபட்ட இன்னொன்றும் தெரிகிறது. இம்மாவட்டத்துச் சிறுமிகள் வெகுகாலமாகவே படி தாண்டியவர்கள்தாம். சிவகாசி, சாத்தூர் பகுதிகளின் கிராமங்களுக்கு விடியுமுன் தொழிற்சாலை வண்டிகள் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தீப்பெட்டி ஆலைகளுக்குப் போவார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்த வாழ்க்கையைக் காட்டுகிறது. 'அயலி'யின் கதைக்காலமும் அதே ஆண்டை ஒட்டியது என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அங்கே ஒருத்தி வெளியே போகக் கூடாது என்று தடுக்கப்படுகிறாள். இங்கே ஒருத்தி வெளியே போயே ஆக வேண்டும் என்று எழுப்பப்படுகிறாள். இருவருக்கும் பள்ளிதான் இல்லாமற்போகிறது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், அபாயத் தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது, இவ்வட்டாரப் பிள்ளைகளை முன்னிட்டே.

பின்னாளில் தமிழகத்தின் நூற்பாலைகளில், விடுதியில் தங்கி வேலை செய்தால் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று இளம்பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரே எல்லாவற்றையும் சொல்லும். ஆகவே பெண் வெளியே போனாள் என்பது மட்டுமே விடுதலை ஆகாது. யாருக்காக, எந்த நிபந்தனையில் போனாள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அரசுத் திட்டங்களிலும் இந்த நிபந்தனையின் சாயல் இருந்தது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திட்டம், குறிப்பிட்ட வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு உதவித்தொகை தந்தது. மகளைப் படிக்கவைக்க அது பல பெற்றோரைத் தூண்டியது உண்மை. படிப்பு கல்யாணத்துக்கான படிக்கட்டாகவே இருந்ததும் உண்மை. 2022 செப்டம்பர் 5 அன்று அத்திட்டம் 'புதுமைப் பெண்' என்று மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. திருமணம் கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயதுவரை எந்தக் குழந்தையிடமும் கெட்டிக்காரத்தனத்தைக் கேட்பதில்லை. அதன் உறுதி 14 வயதில் நின்றுவிடுகிறது. தமிழ்ச்செல்வி போன்ற பெண்ணுக்குச் சிக்கல் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த வயதில்தான்.

மதிப்பீடு

பெண் கல்வியை ஆதரிக்கும் தொடர்கள் ஆதரிப்பது பெரும்பாலும் சிறந்த மாணவியை. இது தற்செயல் அன்று. பார்வையாளரின் பரிவை விரைவாகப் பெற அதுவே குறுக்குவழி. ஆனால் ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் மருத்துவராகப் போகிறவர்கள் ஒருவரோ இருவரோ. மற்றவர்கள் சுமாராகப் படித்து, சிலவற்றை மறந்து, தோழியோடு மதிய உணவைப் பகிர்ந்து, வெளியுலகம் என்னவென்று மெல்லத் தெரிந்துகொள்கிறவர்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனவுடன் 'இனி எதுக்குப் படிப்பு' என்று வீட்டில் நிறுத்தப்படுவது அவர்கள்தாம். அதே மதிப்பெண் வாங்கிய அண்ணனுக்குத் தனிப்பயிற்சியும் மறுதேர்வும் கிடைக்கும். இந்த அநீதிக்கு இன்னும் ஒரு தொடர் வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த திருப்பாவை இந்த இடத்தில் நினைவுக்கு வருவது பொருத்தமே. மார்கழி விடியலில் பெண்கள் கூட்டமாகப் புறப்படும் அப்பாடல்களில், 6 முதல் 15 வரையிலான பத்துப் பாசுரங்கள் இன்னும் எழுந்திராத தோழியரை வாசலில் நின்று எழுப்புவதற்கே செலவாகின்றன. முதலில் எழுந்தவள் மட்டும் போய்விடவில்லை. தூங்குகிறவளுக்காகக் கூட்டம் நிற்கிறது. கேலி செய்கிறது, கோபித்துக்கொள்கிறது, ஆனால் விட்டுவிட்டுப் போவதில்லை. பக்தி நூலாகப் படிப்பவர்களுக்கு அதற்கு வேறு பொருள்கள் உண்டு. கதையமைப்பாக மட்டும் பார்த்தாலும், தனி நாயகியை நம்பும் இன்றைய தொடர்களுக்கு அதில் கற்க இடமிருக்கிறது.

'அயலி' கட்டாயம் பார்க்க வேண்டிய தொடர். பள்ளி மாணவிகள் தாயோடு சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. மீனாவின் கதைகள் தொடக்க வகுப்புகளுக்கு இன்றும் ஏற்றவை. டோராவைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. இவற்றைப் பார்த்தபின் மாணவர்கள் தமக்குள் விவாதிக்க ஒரு கேள்வி போதும்: இந்தச் சிறுமி இவ்வளவு கெட்டிக்காரியாக இல்லாதிருந்தால், இந்தக் கதை அவள் பக்கம் நின்றிருக்குமா? விடை தொடருக்குத் தொடர் மாறும். தமிழில் அடுத்து எழுதப்படும் தொடரிலாவது, கணக்கில் முப்பத்தைந்து வாங்கிய பெண் மறுநாளும் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் புறப்படட்டும்.